கச்சான் என்றால் தண்ணீரில் இறங்கக் கூடாது

கடற்கரை விற்கிறவன் கடலில் நனைந்திருக்க வேண்டும் என்று எங்கள் தொழிலில் ஒரு சட்டமும் இல்லை. சுவிசின் பேர்ண் நகரத்தில் ஒரு சின்னப் பயண முகவர் நிலையத்தில் இருந்துகொண்டு, மத்தியதரைக் கடலில் இருக்கும் சார்தீனியாத் தீவின் ஆள் இல்லாத கரைகளைப் பதினான்கு வருடமாகச் சனங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். எனக்கு நீந்தத் தெரியாது. நான் பிறந்த உரும்பிராயில் தண்ணீர் என்றால் கிணறு, மிஞ்சினால் தோட்டத்துக்கு இறைக்கிற வாய்க்கால். தீவுக்கு ஒருதடவை போயிருக்கிறேன். முகவர்களுக்கென்று கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு நாளும் ஹோட்டல் கட்டில்களையும் குளியலறைகளையும் காட்டினார்கள். கடலைப் பல்கனியில் இருந்து காட்டினார்கள்.

கீழே எழுதுவதற்கெல்லாம் ஆதாரம் ஒரே ஒரு மனிதரும் அவர் எழுதித் தந்த ஒரே ஒரு தாளும்தான். அந்தத் தாளில் உள்ளதை நான் பல வருடம் சந்தேகித்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சந்தேகித்துக்கொண்டே விற்றேன். தான் படுத்திராத மெத்தையை, தான் ஓட்டியிராத காரை, தான் ருசி பார்த்திராத சாப்பாட்டை விற்றுப் பிழைக்கிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். இரவல் வாயால் கதைக்கிற பயம் என்னவென்று உங்களுக்கு விளங்கும்.

தாள்

லுசேர்ணில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்யும் யோகண்ணை, கொழும்புக்கு டிக்கெட் போட எங்களிடம் வந்தார். லுசேர்ணிலும் முகவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தமிழில் கேட்டுத் தமிழில் பதில் வாங்கலாம் என்பதற்காக ஒரு மணித்தியாலம் ரயிலில் வருகிற ஆட்கள் அப்போது நிறைய. அவர் திருகோணமலைக் கடற்கரைக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். டிக்கெட் அச்சாகிக்கொண்டிருந்தபோது சுவரில் ஒட்டியிருந்த சார்தீனியாப் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "இந்தக் கரையையோ விக்கிறீர்? சந்தை மாதிரியெல்லோ இருக்கும்! ஒரு பேப்பர் தாரும்" என்றார். சுவிசுக்கு வர முதல் அந்தத் தீவில் மூன்று கோடைக்காலம் கோப்பை கழுவினவராம்.

ஒரு விளம்பரத் தாளைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் ஒன்பது கரைகளைத் தமிழில் எழுதினார். இத்தாலியப் பெயர் ஒன்றுமே இல்லை. தான் வேலை செய்த ஹோட்டலில் இருந்து எந்தப் பாதை, எந்த மரம், எந்த வளைவு என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் தானே ஒரு பெயர் வைத்திருந்தார். முதலாவது இப்படி இருந்தது: "தாச்சி. ரோட்டு முடியிற இடத்தில சைக்கிளைப் படுக்கப் போட்டிட்டு ஆட்டுப் பாதையால பத்து நிமிசம். தண்ணி சத்தம் போடாமப் படுத்திருக்கும். கச்சான் எண்டால் பிள்ளையளை இறக்கப்படாது." மூன்றாவது: "சுளகு. கிழக்குப் பக்கம் கல்லு அணை மாதிரி. கச்சானுக்கு நல்லம்." வரிசையில் இரண்டு பேர் நின்றதால் நான் மேலோட்டமாகப் பார்த்துத் தலையாட்டினேன். எழுந்து போகும்போது அவர் திரும்பிச் சொன்னார்: "விளங்காட்டிக் கேளும், தம்பி. கடல் விசயத்தில வெக்கப்படப்படாது."

தாச்சிக்குப் போனவர்கள்

அந்தத் தாளை நான் ஜெர்மனில் தட்டச்சு செய்தேன். யோகண்ணை வைத்த பெயர்களுக்கு ஜெர்மன் கண்டுபிடிக்க முடியாமல் அப்படியே ரோமன் எழுத்தில் விட்டுவிட்டேன். தாச்சி, அகப்பை, சுளகு, உலைமூடி. அவர் சமையலறை ஆள், கண்ணில் பட்டதெல்லாம் பாத்திரம். முதலில் எடுத்துக்கொண்டு போனவர் ஃப்ராவ் மோசர். தபால் கந்தோரில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர், விதவை, ஆள் கூட்டம் என்றால் எரிச்சல்படுகிறவர். அவர் போன அந்த இரண்டு கிழமையும் எனக்கு நித்திரை இல்லை. ஆட்டுப் பாதை இல்லாவிட்டால்? அந்த இடமே இல்லாவிட்டால்? ஒரு கோப்பை கழுவுகிற மனிதர், கார் இல்லாதவர், ஒன்பது கரையை எப்போது, எப்படிப் பார்த்திருப்பார்?

ஃப்ராவ் மோசர் மூக்கு உரிந்து, கறுத்து, சிரித்துக்கொண்டு வந்தார். ஆட்டுப் பாதை இருந்தது. ஆடும் இருந்தது. கரை உண்மையிலேயே வறுக்கிற தாச்சியின் அடி மாதிரி வட்டமாக, இரண்டு பக்கமும் இரண்டு பாறை கைபிடி மாதிரி நீட்டிக்கொண்டு இருந்ததாம். பதினான்கு நாளில் அவர் அங்கே கண்ட மனிதர் ஒருவர், அவரும் ஆட்டுக்காரர். என் மேசையில் இருந்த ஒரு பேனையை எடுத்து, பாறை எங்கே, நிழல் எத்தனை மணிக்கு எங்கே விழும் என்று வரைந்து காட்டினார். அடுத்த வருடம் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரும்போதே, சுத்தமான 'ச்'சுடன், காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னார்: "ஹெர் நாதன், எனக்கு வழமைபோல் இரண்டு கிழமை தாச்சி!"

கொட்டைப் பிரச்சினை

இப்போது என் மொழிபெயர்ப்புக்கு வருகிறேன். கச்சான் என்றால் எங்கள் ஊரில் நிலக்கடலை. வறுத்து, கடதாசிச் சுருளில் போட்டு, கோயில் திருவிழாவில் விற்பார்கள். ஆகவே "கச்சான் எண்டால் பிள்ளையளை இறக்கப்படாது" என்பதை நான் கொஞ்சம் யோசித்து, "நிலக்கடலை சாப்பிட்டால் பிள்ளைகளைத் தண்ணீரில் விடக்கூடாது" என்று எழுதினேன். சாப்பிட்ட உடனே குளிக்காதே என்று வீட்டில் சொல்வதுதானே. எண்ணெய்ப் பிடிப்பான சாமான், வயிற்றைப் பிரட்டும், சரிதான் என்று நினைத்தேன். "கச்சானுக்கு நல்லம்" என்ற சுளகுக் கரைக்கு, "இருந்து கொறிக்க உகந்த இடம்" என்று போட்டேன். எங்கள் முதலாளி ஊர்சுலா அதை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இது ஆயுர்வேதம், இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல ஒரு செக்கன் போதும். நான் தலையை ஆட்டினேன். இந்த நாட்டில் ஆயுர்வேதம் என்று சொன்ன பிறகு யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும்.

ஆனால் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற ஹெர் வைஸ் கேட்டார். சாப்பிட்டு எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று தாளில் இல்லையே, அது ஒரு குறைபாடு அல்லவா என்றார். நான் "ஒரு மணித்தியாலம்" என்றேன். வாயில் வந்தது. மற்ற நாளே ஊர்சுலா அதையும் தாளில் ஏற்றிவிட்டார். உப்புப் போட்ட கடலைக்கும் அதே நேரமா, பாதாமுக்கு உண்டா, ஹேசல் கொட்டைக்கு உண்டா என்று ஹெர் வைஸ் ஒவ்வொன்றாகக் கேட்க, நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் சொன்னேன். வைத்தியனாகவே மாறிவிட்டேன். விடுமுறை முடிந்து வந்தவர், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில் சொன்னார்: "பேரன் ஒருநாள் மூன்று கடலை சாப்பிட்டுவிட்டு இறங்கிவிட்டான், மூன்றுதானே என்று நான் இருபது நிமிடத்தில் அனுமதித்தேன்."

ஆள் இல்லாத கரை ஆருக்கு வேணும்?

எங்கள் ஆட்களுக்கும் அந்தத் தாளைக் கொடுத்துப் பார்த்தேன். ஓஸ்டர்முண்டிகனில் இருக்கும் தர்ஷி ஆஸ்பத்திரியில் தாதி. இங்கே பிறந்த பிள்ளை. தாய் தகப்பனை முதல்முதல் கடற்கரை விடுமுறைக்குக் கூட்டிக்கொண்டு போகப் போவதாகச் சொன்னாள். நான் பெருமையோடு தாளை நீட்டினேன். ஒருவர் கண்ணிலும் படாமல் குளிக்கலாம், அம்மாவுக்கும் கூச்சம் இருக்காது என்று சொன்னேன். அவள் வாசித்துக்கொண்டு போய் "ஆட்டுப் பாதை" என்ற இடத்தில் நிமிர்ந்தாள்.

"அம்மா சாறியோட ஆட்டுப் பாதையால வருவாவோ, அங்கிள்?" என்றாள். பிறகு நிலக்கடலை பற்றிய வரியை இரண்டுதரம் வாசித்து, "இது மெடிக்கலா சரியில்லையே" என்றும் சொன்னாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வரியைப் பற்றி ஒழுங்கான கேள்வி கேட்ட ஒரே ஆள் அவள்தான் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் வேறு தீவுகளின் அமைதியான கரைகளையும் எடுத்துக் காட்டிக்கொண்டே போக, அவள் கடைசியில் தாளை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "ஒருத்தரும் இல்லாத பீச்சில அம்மா ஆரைப் பாத்துக் குறை சொல்லுறது, அங்கிள்? பஸ் நிக்கிற, சனம் இருக்கிற பீச்சாச் சொல்லுங்கோ."

ஃபிளமிங்கோ

போன வருடம் ஓகஸ்ட் கடைசியில் ஃப்ராவ் கெர்பர் வந்தார். கணவனோடும் ஏழு வயது மகள் லியாவோடும் தாச்சிக்குப் போய் வந்திருந்தார். இருங்கள் என்றேன், இருக்கவில்லை. சத்தம் போடவும் இல்லை. கடல் அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது என்று தொடங்கினார். ஒரு அலைகூட இல்லை. முதுகில் மெல்லிய காற்று, வெயிலுக்கு இதமாக. காற்றடித்த ஒரு பெரிய ரோஸ் நிற ஃபிளமிங்கோவில் லியா ஏறி இருந்தாள். தகப்பன் பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றார். தாய் ஒரு துவாயை மடித்து வைத்துவிட்டுத் திரும்பியபோது பிள்ளை பாறைக்கு அப்பால் மிதந்துகொண்டிருந்தாள். பிள்ளை கை காட்டினாள். விளையாட்டுக்குக் காட்டுகிறாள் என்று தாயும் கை காட்டியிருக்கிறார். தகப்பன் நீந்திப் போனார். அவர் நீந்த நீந்த ஃபிளமிங்கோ இன்னும் தூரப் போனது. வெளியே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவர் தன் படகைத் திருப்பிப் பிள்ளையைத் தூக்கினார். பிறகு தகப்பனையும் தூக்கினார்.

பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இப்போது குளியல் தொட்டியில் இருக்கவும் மாட்டேன் என்கிறாள் என்றார். நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் கைப்பையில் இருந்து எங்கள் தாளை எடுத்தார். எட்டாக மடித்து, உப்புத் தண்ணீர் பட்டுக் காய்ந்திருந்தது. அதை மேசையில் விரித்து, அந்த வரியில் விரலை வைத்தார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. தான் செய்த பிழை எது என்று தேடுகிற ஒரு தாயின் குரல். "இதில் எழுதியிருந்ததை எல்லாம் செய்தோம், ஹெர் நாதன். அன்றைக்கு நாங்கள் ஒரு நிலக்கடலைகூடச் சாப்பிடவில்லை."

சிம்மர்ஸ்துண்டே

ஹோட்டல் வேலை செய்தவர்களுக்கு இந்தச் சொல் தெரியும். மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்து, இரவுச் சாப்பாட்டு வேலை தொடங்கும் வரை கிடைக்கிற இரண்டு மூன்று மணித்தியால இடைவெளி. அந்த நேரத்தில் யோகண்ணையைப் பிடிக்கலாம் என்று லுசேர்ணுக்கு ரயில் ஏறினேன். கோபத்தோடுதான் போனேன். தண்ணீர் சத்தம் போடாமல் படுத்திருக்கும் என்று எழுதியவர், பிள்ளையை இழுத்துக்கொண்டு போகும் என்று எழுதவில்லையே. அந்த மனிதர் அங்கே போகவே இல்லை, ஆரோ சொன்னதைக் கேட்டு எழுதிவிட்டார் என்று எனக்குள் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டேன். அந்தத் தீர்ப்பை ஏன் இவ்வளவு இலகுவாக எழுத முடிந்தது என்று இன்றைக்கு யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. கடற்கரைப் பக்கத்து ஆட்கள் சொன்னால் அரைவாசிதான் நம்புவது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். ஏன் என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அதைப் பெட்டியில் வைக்காமலே சுவிஸ் வரை கொண்டுவந்திருக்கிறேன்.

சமையலறைப் பின்கதவால் ஏப்ரனோடு வந்தார். ஏரிக்கரை வாங்கில் இருந்தோம். மூலத் தாளைக் கொடுத்தேன். தன் கையெழுத்தைக் கண்டதும் முகம் மலர்ந்து, சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். நான் இடையில் மறித்து லியாவின் கதையைச் சொன்னேன்.

"பிள்ளை?" என்றார்.

"தப்பிட்டுது, அண்ணை."

ஏப்ரன் நுனியால் முகத்தைத் துடைத்தார். "நான் எழுதித்தானே தந்தனான்? கச்சான் எண்டால் இறக்கப்படாது எண்டு."

"அவை கச்சான் சாப்பிடேல்லையாம், அண்ணை."

"என்ன சாப்பிடேல்லையாம்?"

"கச்சான்."

ஒரு நீராவிக் கப்பல் வந்து, ஆட்களை இறக்கி, ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் வரைக்கும் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி," என்றார் கடைசியில், "கச்சான் எண்டால் காத்து. மேல்காத்து. மேற்கில இருந்து வாறது. எங்கட பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

வாடைக்காற்று தெரியும், சோளகம் தெரியும். உரும்பிராயில் வெங்காயத்துக்கு எந்தக் காற்று கூடாது என்றும் தெரியும். இந்தக் காற்றின் பெயர் மட்டும் எனக்குத் தின்கிற சாமானாகவே இருந்துவிட்டது. அவர் ஏரியைக் காட்டி விளங்கப்படுத்தினார். தாச்சி கிழக்குக் கரை, திருகோணமலை மாதிரியே. மேற்கில் இருந்து வருகிற காற்று தரையில் இருந்து கடலுக்கு அடிக்கும். "கரையில ஒரு சுருக்கமும் இராது. குளம் மாதிரி இருக்கும். அதுதான் அதின்ர கள்ளம். மிதக்கிறது எல்லாத்தையும் வெளியால கொண்டு போயிடும். சுளகில எண்டால் பயமில்லை. கொண்டு போனாலும் கல்லில தட்டி நிக்கும். அதாலதான் கச்சானுக்கு நல்லம் எண்டு எழுதினனான்."

கொறிக்க உகந்த இடம் என்று நான் எழுதியதை அவருக்குச் சொல்லவில்லை. வேறொன்றைக் கேட்டேன். ஒன்பது கரையும் எப்படித் தெரியும்?

"இதே சிம்மர்ஸ்துண்டேதான். ஹோட்டல்ல ஒரு பழைய சைக்கிள் கிடந்தது. போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம், நடுவில ஒரு முழுக்கு. நீர் கணக்குப் பார்த்தால் தெரியும், ஒன்பதும் அந்தத் தூரத்துக்குள்ளதான்." தாளை முழங்காலில் வைத்துத் தடவி விரித்தார். "அமைதியான கரையெண்டு ஆர் தேடினது? என்னட்டை அப்ப ஒரு காயிதமும் இல்லை. பொலிஸ் வராத கரையைத் தேடினன். அதுக்கு உம்மட ஆக்கள் இப்ப விமானம் ஏறிப் போகினம்."

மூன்று கோடைக்காலம், ஒவ்வொரு நாளும் பிடிபடாமல் குளிக்க ஓர் இடம் தேடிய மனிதர், தேடிய இடத்திலெல்லாம் நின்று காற்றைப் பார்த்து, வேறொருவரின் பிள்ளைக்கு ஆபத்து எப்போது வரும் என்பதையும் மனதில் குறித்து வைத்திருக்கிறார். நான் அதைக் கொட்டையாக்கிவிட்டேன். இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ஒருதரம் கேட்டுத் தெளிந்திருக்கலாம், எங்கே தேடுவது என்று தெரியவில்லை என்று ஏதோ முணுமுணுத்தேன். அவர் தாளை என் முகத்துக்கு நேரே தூக்கி, கீழ் மூலையைக் காட்டினார். "போன் நம்பர் அந்தத் தாளிலதானே எழுதினனான், தம்பி. பதினாலு வருசமா அதே நம்பர்தான்."

திருத்தம்

மற்ற நாள் ஊர்சுலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆயுர்வேதம் இல்லை, காற்று என்றேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு பழைய வாடிக்கையாளர் பட்டியலை இரண்டாகப் பிரித்தார். அரைவாசிப் பேருக்கு அவர் தொலைபேசி எடுத்தார், மீதிப் பேருக்கு நான் எடுத்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரே வசனம்: அந்த வரி பிழை, பிழை எங்களுடையது, தரையில் இருந்து கடலுக்குக் காற்று அடித்தால் தண்ணீர் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் மிதவையோடு யாரும் இறங்க வேண்டாம். ஃப்ராவ் மோசர், தனக்கு நிலக்கடலையே பிடிக்காது என்றார். ஹெர் வைஸ் மட்டும், அப்படியானால் பேரனிடம் தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். கடைசி அழைப்பை வைத்துவிட்டு ஊர்சுலா என்னைப் பார்த்துச் சொன்னார்: "பதினான்கு வருடம் நான் அலுவலகத்தில் கடலை சாப்பிட்ட நாளில் நீச்சல் குளத்துக்குப் போனதே இல்லை, தெரியுமா?"

ஜூலை, இரண்டரை மணி

ஃப்ராவ் கெர்பருக்குத் தொலைபேசி போதாது என்று கடிதம் எழுதினேன். அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பதையும், நான் தின்கிற அர்த்தத்தை எடுத்ததையும், கேட்காமல் விட்டதையும் எழுதினேன். வழக்கறிஞரிடம் இருந்து பதில் வரும் என்று காத்திருந்தேன். இந்த வசந்தத்தில் அவரே வந்தார். லியா இன்னும் தண்ணீர்ப் பக்கம் போவதில்லை, வேறு கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனால் அந்தக் கடலைப் பற்றிய பயம் போகாது, அதே இடத்தில், சரியான நாளில் அவள் இறங்க வேண்டும் என்றார். "தாளை எழுதிய அந்த மனிதர் இருக்கிறாரா?" என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். "அப்படியென்றால் பதிவு செய்யுங்கள்."

போன கிழமை, ஜூலை வெயிலில், மேசையில் இருந்த என் தொலைபேசி ஒலித்தது. ஒரு படம். பதினான்கு வருடம் விற்ற தாச்சியை நான் முதல்முதலாகப் பார்த்தேன். யோகண்ணை வைத்த பெயர் போலவே அடிவட்டம், இரண்டு கைபிடிப் பாறை, பின்னால் ஆட்டுப் பாதை, ஒரு பக்கம் சாய்ந்த பற்றைகள். தண்ணீர் சத்தம் போடாமல் படுத்திருந்தது. அதன் விளிம்பில், கால் நனையாத தூரத்தில், ஒரு பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தலைமயிர் ஒரு பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது. எந்தப் பக்கம் என்று எனக்குப் பிடிபடவில்லை. கீழே தாய் எழுதியிருந்தார்: "தொலைபேசியில் தீவுக்கு வடமேற்குக் காற்று என்று காட்டுகிறது. இந்தக் கரையில் அதற்கு என்ன அர்த்தம்? லியா இறங்கத் தயார் என்கிறாள். தாச்சியா, சுளகா?"

படத்தை யோகண்ணைக்கு அனுப்பினேன். மணி இரண்டரை, சிம்மர்ஸ்துண்டே. தாளின் கீழ் மூலையில் இருந்த நம்பரை அழுத்தினேன். உண்மையில் அங்கே போனீர்களா, உண்மையில் நீந்தினீர்களா என்று வருடக்கணக்காக எனக்குள் உருப்போட்டு வைத்திருந்த கேள்விகள் ஒன்றும் அப்போது வாய்க்கு வரவில்லை. ஒரு மனிதரைப் பதினான்கு வருடம் சந்தேகிக்க நேரம் கிடைத்த எனக்கு, அவருக்கு ஒருதரம் தொலைபேசி எடுக்க நேரம் கிடைக்கவில்லை என்பதுதான் என் தொழில் அனுபவத்தின் மொத்தம்.

"சொல்லும், தம்பி. படம் வந்திட்டுது."

"அண்ணை, இண்டைக்கு என்ன காத்து?"